முதல் பேக்பிளேட் விங் வாங்கப் போறேன், ஸ்டீலா அலுமினியமா? எவ்ளோ பெரிய விங்?

நீலாங்கரை_தவளை:

வணக்கம் மக்களே. இதுவரைக்கும் 34 ஸ்கூபா டைவ் ஆச்சு, அட்வான்ஸ்டு கோர்ஸ் முடிச்சாச்சு. முக்கால்வாசி பாண்டிச்சேரில தான், அந்தமான்ல ஹேவ்லாக் ரெண்டு தடவை போயிருக்கேன், இந்த சீசன் கர்நாடகா பக்கம் நேத்ராணி தீவு போலாம்னு பிளான். மாஸ்க், ஃபின், கம்ப்யூட்டர் சொந்தமா இருக்கு, போன வருஷம் மூச்சு விடற ரெகுலேட்டரும் வாங்கிட்டேன். மிச்சம் இருக்கறது பிசிடி தான், அதான் காத்தை ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கற சாமான்.

வாடகைக்கு குடுக்கற ஜாக்கெட் எனக்கு சுத்தமா செட் ஆகல. மேல மிதக்கறப்ப ஜாக்கெட் அப்படியே தூக்கிக்கிட்டு காது வரைக்கும் வந்துடுது, விலா எலும்பை வேற நெரிக்குது, கீழ போனா சிலிண்டர் முதுகுல அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு ஆடுது, கால் வேற கீழயே தொங்குது, வீடியோல என்னைப் பாத்தா கடல் குதிரை மாதிரி இருக்கேன். ஹேவ்லாக்ல எங்க போட்ல வந்த ஒருத்தர் பேக்பிளேட் விங் போட்டிருந்தார் (முதுகுல ஒரு தகடு, அதுக்குப் பின்னாடி விங்குங்கற காத்துப் பை), மனுஷன் தண்ணிக்குள்ள பாய் விரிச்ச மாதிரி படுத்துக்கிட்டு ஒரு விரல் கூட அசைக்காம நின்னார். அன்னைக்கு புடிச்ச பைத்தியம் இது.

ஆனா இணையத்துல படிக்கப் படிக்க தலை சுத்துது. ஸ்டீல் பிளேட்டா அலுமினியமா? விங் 30 பவுண்ட் தூக்கறதா 40 பவுண்ட் தூக்கறதா? ஒருத்தர் முழு வளையமா வர்ற டோனட் தான்ங்கறார், இன்னொருத்தர் லாடம் மாதிரி வர்ற ஹார்ஸ்ஷூ தான்ங்கறார். ஒத்தை சிலிண்டரை மாட்ட சிங்கிள் டேங்க் அடாப்டர்னு ஒண்ணு தனியா விக்கறாங்க, அது கண்டிப்பா வேணுமா? ஹார்னஸ்ல, அதான் தோளையும் இடுப்பையும் சுத்தற பட்டைல, ஒரே பட்டையா வர்றது நல்லதா, இல்ல தோள்ல பக்கிள், மெத்தையெல்லாம் வச்சு வர்றதா? எங்க பட்டி (கூட ஜோடியா டைவ் பண்றவன்) ஒருத்தன் ஸ்டீல் பிளேட் வாங்கினா முங்கறதுக்கு ஈய வெயிட்டே கட்ட வேணாம்னு அடிச்சு சொல்றான், நிஜமா?

நான் 5 அடி 8, 68 கிலோ. 3 மில்லிமீட்டர் ஃபுல் சூட், ஜாக்கெட்டோட 6 கிலோ ஈயம் கட்டறேன். பட்ஜெட் 50 ஆயிரம், வீட்டுக்குத் தெரிஞ்சது 30.


கோவளம்_நண்டு:

தம்பி, நீங்க கேட்ட அத்தனைக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு, எந்த சிலிண்டர், எந்த சூட், எந்த தண்ணி. அது தெரிஞ்சா மிச்சம் எல்லாம் கூட்டல் கழித்தல் தான். உங்களுக்கு அது ரொம்ப சுலபம், நம்ம ஊர்ல எந்த டைவ் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் அலுமினியம் 80ங்கற சிலிண்டர் தான் கைல குடுப்பாங்க, 11 லிட்டர், தண்ணி 27லேர்ந்து 30 டிகிரி, சூட் 3 மில்லி. கேட்டலாக் எழுதறவன் குளிர் தண்ணில 7 மில்லி சூட்டும் ட்ரை சூட்டும் போடறவனுக்கும் சேத்து எழுதறான், அதைப் படிச்சுட்டு நாம 40 பவுண்டா 50 பவுண்டான்னு மண்டையை உடைச்சுக்கறோம்.

இப்ப கணக்கு. அலுமினியம் 80 ஃபுல்லா இருந்தா கடல்ல முக்கால் கிலோ மாதிரி முங்கும், காலியானா ரெண்டு கிலோ மிதக்கும். ஆமா, உள்ள இருக்கற காத்துக்கே ரெண்டே முக்கால் கிலோ எடை இருக்கு, இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. அதனால தான் டைவ் முடியற நேரத்துல 5 மீட்டர்ல நிக்க முடியாம புஸ்ஸுனு மேல போறாங்க. சரி, டைவ் ஆரம்பத்துல நீங்க அந்த ரெண்டே முக்கால் கிலோ கூடுதலா சுமக்கறீங்க, கீழ போனதும் 3 மில்லி சூட் நசுங்கி அது குடுத்த மிதப்பு ஒரு ரெண்டு கிலோ போயிடும்னு தாராளமாவே வச்சுக்கோங்க. மொத்தம் அஞ்சு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விங் தண்ணிக்கடில செய்ய வேண்டிய வேலை இவ்ளோ தான்.

அடுத்தது, செட்டை கழட்டி தண்ணில தனியா விட்டா அது மிதக்கணும். ஸ்டீல் பிளேட் தண்ணில ரெண்டரை கிலோ, ரெகுலேட்டர் ஒரு கிலோ சொச்சம், ஃபுல் சிலிண்டர் முக்கால், பட்டைல ரெண்டு கிலோ ஈயம் கோத்திருந்தா அதையும் சேருங்க, ஆறரை வருமா? 30 பவுண்ட் விங்னா 13 கிலோ தூக்கும். இரண்டு மடங்கு. 40 வாங்கினா என்ன ஆகும்னா, ஒல்லியான ஒத்தை சிலிண்டருக்கு ரெண்டு பக்கமும் அது மசால் தோசை மாதிரி மடிஞ்சு மேல ஏறும், மடிப்புல காத்து மாட்டிக்கும், டம்ப் பண்ணினா (வால்வைத் திறந்து காத்தை வெளிய விட்டா) வராது, நீந்தறப்ப கொடை புடிச்சுக்கிட்டு நடக்கற மாதிரி இழுக்கும். பெருசா வாங்கினா பாதுகாப்புன்னு நினைக்கறது தான் முதல் தடவை வாங்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணினேன், அந்த விங் இன்னும் பரண்ல தான் கிடக்கு.

டோனட்டா ஹார்ஸ்ஷூவான்னா ஒத்தை சிலிண்டருக்கு டோனட். கீழயும் இணைஞ்சிருக்கறதால காத்து இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் சுலபமா போகும். ஹார்ஸ்ஷூல அது தலைக்கு மேல சுத்திக்கிட்டு தான் போகணும், ஒரு பக்கம் தேங்கி நின்னா நீங்க சாஞ்சுடுவீங்க. பெரிய தகராறு பண்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல, ஆனா ரெண்டும் ஒரே விலைக்கு கிடைச்சா டோனட் எடுங்க.

சிங்கிள் டேங்க் அடாப்டர், இப்ப வர்ற நிறைய விங்ல நடுவுலயே சிலிண்டரைக் கட்டற கேம் பேண்ட் நுழையற கண்ணும், சிலிண்டர் உருளாம இருக்க ரெண்டு மேடும் இருக்கு, அதுக்கு அடாப்டர் தேவையே இல்ல. அது இல்லாத விங்குக்கு மட்டும் வேணும். போட்டா சிலிண்டர் முதுகுலேர்ந்து ஒரு ரெண்டு விரல் தள்ளி போயிடும், ஆட்டம் கூடும். நீங்க ஆட்டத்துக்கு பயந்து தானே வர்றீங்க.

இப்ப பிளேட். இதுல தான் உங்க பட்டி பாதி உண்மை சொல்றார். ஸ்டீல் பிளேட் காத்துல 2.7 கிலோ மாதிரி, தண்ணில 2.4. ஜாக்கெட்ல இருக்கற ஸ்பாஞ்சும் மெத்தையும் அரை கிலோ ஒரு கிலோ மிதக்கும், அது இல்லாம போறதும் லாபம். ஆக உங்க 6 கிலோ ஸ்டீல்ல மூணு மாதிரி ஆகும், பூஜ்யம் ஆகாது. அலுமினியம் பிளேட் காத்துல 900 கிராம், தண்ணில அரை கிலோ சொச்சம், அதுல நாலரை அஞ்சு கட்டணும். ஆனா தம்பி, 68 கிலோ ஆளு 3 மில்லிக்கு 6 கிலோ கட்டறதே எனக்கு சந்தேகமா இருக்கு. கோர்ஸ்ல சீக்கிரம் முங்கணும்னு ரெண்டு கிலோ கூட போட்டு விடுவாங்க, அது அப்படியே பழகிடும். அடுத்த டைவ் முடிவுல சிலிண்டர்ல 50 பார் காத்து இருக்கறப்ப 5 மீட்டர்ல ஜாக்கெட்டை சுத்தமா காலி பண்ணிட்டு நின்னு பாருங்க, கல்லு மாதிரி கீழ இறங்கினா ஒரு கிலோ எடுத்துடுங்க, அடுத்த டைவ்ல இன்னொண்ணு. கால் தொங்கறதுல பாதி அந்த ஈயத்தால தான் இருக்கும், இடுப்புல ஈயம், அதை சமாளிக்க நெஞ்சுல காத்து, உடம்பு நட்டுக்க நிக்காம வேற என்ன பண்ணும்.

சென்னைலேர்ந்து போர்ட் பிளேர் ஃப்ளைட்ல 15 கிலோ தானே விடறான். ரெகுலேட்டர், ஃபின், சூட் எல்லாம் போட்டு, அதுக்கு மேல ஸ்டீல் பிளேட்டையும் வச்சா துணிக்கு இடம் இருக்காது. ஈயம் எல்லாக் கடையிலயும் சும்மா குடுக்கறான். அதனால பறந்து போய் டைவ் பண்றவருக்கு என் ஓட்டு அலுமினியம். பாண்டி மட்டும், கார்ல டிக்கில போட்டுக்கிட்டு போறவர்னா கண்ணை மூடிக்கிட்டு ஸ்டீல்.

ஹார்னஸ் ஒரே பட்டை, 5 சென்டிமீட்டர் அகலம், ஒரே ஒரு இரும்பு பக்கிள் இடுப்புல, கவட்டை வழியா வர்ற கிராட்ச் ஸ்ட்ராப். இந்த முறையே 1970கள் கடைசில வட ஃப்ளோரிடா குகைக்குள்ள டைவ் பண்ணினவங்ககிட்டேர்ந்து வந்தது, உடைஞ்சா குகைக்குள்ள யாரும் ஸ்பேர் குடுக்க மாட்டாங்கன்னு உடையக்கூடியதை எல்லாம் தூக்கிட்டாங்க. வில்லியம் ஹோகார்த் மெயின்னு ஒருத்தர், அவர் பேர்ல தான் ஹோகார்த்தியன்னு சொல்றது. தோள்ல பிளாஸ்டிக் பக்கிள் வர்றது தோள்பட்டைல அடிபட்டவங்களுக்கு உபயோகம், மத்தபடி உடையறதுக்கு இன்னொரு சாமான்.

பிராண்ட் கேக்கல, ஆனா கேப்பீங்க. ஹால்சியான், டைவ் ரைட், எக்ஸ்டீப், டெக்லைன், எல்லாமே நல்லா தான் இருக்கு. பிளேட்டுங்கறது வளைச்ச தகடு. அதுல போய் காசு கொட்டாதீங்க, விங்ல கொட்டுங்க.


ஜாக்கெட்தாசன்:

நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன். 34 டைவ்ல இதெல்லாம் எதுக்கு? வருஷத்துக்கு பத்து டைவ் பண்றவருக்கு வாடகையே லாபம், கடல் தண்ணில ஊறின சாமானை கழுவி காய வச்சு பூஞ்சை பிடிக்காம பாத்துக்கற வேலை வேற. நான் 200 டைவ் சாதா ஜாக்கெட்ல பண்ணிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகல. காது வரைக்கும் ஏறுதுன்னா சைஸ் பெருசா குடுத்திருக்காங்க, ஒரு சைஸ் கம்மியா கேளுங்க. அந்த 50 ஆயிரத்துக்கு ஹேவ்லாக்ல இன்னொரு டிரிப் அடிச்சா பத்து டைவ் கூடும், பாய் விரிச்ச மாதிரி படுக்கறது அப்ப தானா வரும்.


கோவளம்_நண்டு:

தாசன் சொல்ற சைஸ் விஷயம் நூத்துக்கு நூறு சரி. டைவ் எண்ணிக்கை விஷயம் ஒத்துக்கறேன், வாடகைக்கு சரியான சைஸ் கிடைச்சா காசை டைவுக்கே செலவு பண்ணட்டும். ஆனா ஜாக்கெட்டை வாங்கி, ரெண்டு வருஷம் கழிச்சு அதை பாதி விலைக்கு வித்துட்டு, அப்புறம் விங் வாங்கற கதையை நான் நிறைய பாத்துட்டேன். வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒரு தடவை தான் வாங்கணும்.


நீலாங்கரை_தவளை:

நண்டு அண்ணே, கோடி நன்றி, உங்க கணக்கை பேப்பர்ல போட்டு பாத்தேன், எனக்கும் ஆறரை தான் வந்துச்சு. தாசன் அண்ணே, நீங்க சொல்றது புரியுது, ஆனா ஆசை வந்துடுச்சு என்ன பண்றது.

ஒரு சந்தேகம். பின்னாடி எப்பவாவது டெக்னிகல் டைவிங், அதான் ரொம்ப ஆழமா போகணும்னு மனசுல ஒரு மூலைல இருக்கு, ரெட்டை சிலிண்டர் எல்லாம். அப்படின்னா இப்பவே ஒரு பெரிய விங்கா வாங்கி ரெண்டுக்கும் வச்சுக்க முடியாதா? ரெண்டு தடவை காசு போடறதுக்கு...


உப்புவெளிச்_சுறா:

நான் திருகோணமலைப் பக்கம். தம்பி, இந்தப் பிழையை நான் விட்டனான், அதால எழுதுறன். எனக்கு மட்டக்களப்புக்கு வெளியால கிடக்கிற ஹேர்மிஸ் கப்பலைப் பாக்க வேணும் எண்டு பெரிய ஆசை. 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்ட விமானம் தாங்கிக் கப்பல், அம்பது மீற்றருக்கு மேல ஆழம், சும்மா ஒரு சிலிண்டரோட போற இடமில்லை. அந்த ஆசையில முதல் சாமானே ரெட்டைச் சிலிண்டருக்கான பெரிய விங் வாங்கிப்போட்டன். வாங்கி மூண்டு வருசம் நான் போனது எங்க எண்டால் இங்க பக்கத்தில இருக்கிற புறாத்தீவு. பத்து மீற்றர் தண்ணி, முருகைக்கல்லும் (பவளப்பாறை) ஆமையும். அதுக்குள்ள நான் முதுகில ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டு திரிஞ்சன், வந்த பொடியள் எல்லாம் சிரிச்சாங்கள்.

உங்களுக்கு விளங்க வேண்டிய விசயம் இது தான். பிளேட்டும் ஹார்னஸ் பட்டியும் அப்பிடியே இருக்கும், விங் மட்டும் தான் மாறும். பிளேட்டில நடுவால ரெண்டு ஓட்டை இருக்குதல்லோ, அதுக்கு இடையில 11 இஞ்சி, எந்தக் கொம்பனி செய்தாலும் பெரும்பாலும் அதே அளவு தான். நாளைக்கு ரெட்டைச் சிலிண்டருக்குப் போனால் அதே ஓட்டையில அந்த போல்டை ஏத்தி பெரிய விங்கைப் பூட்டலாம். உங்கட உடம்புக்கு அளவெடுத்துச் சரிப்பண்ணின பட்டி அப்பிடியே கூட வரும். அதால இப்ப சின்ன விங் வாங்குறது நட்டமில்லை.

இன்னொண்டு, பாரமான ஸ்டீல் சிலிண்டர் ரெண்டை மெல்லிய சூட்டோட போடுறது எண்டது வேற கதை. விங் கிழிஞ்சால் நீந்தி மேல வர ஏலாது, கழட்டி எறியவும் ஒண்டும் இராது. நீங்கள் இப்ப யோசிக்கிற செட்டில அந்தப் பயம் இல்லை, நண்டு போட்ட கணக்குப்படி அஞ்சு கிலோவுக்குக் குறைவாத் தான் இழுக்கும், காலடிச்சு வந்திடலாம். டெக் போகேக்க உங்களுக்குப் படிப்பிக்கிறவர் இதைப் பற்றி வடிவாச் சொல்லுவார்.


குட்டிப்பிளேட்:

சிங்கப்பூர்லேர்ந்து எழுதறேன், மலேசியாவோட தியோமான் தீவு தான் என் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. எல்லாரும் தகடு, விங்னு பேசறீங்க, பட்டையைப் பத்தி யாருமே பேசல, அதான் வந்தேன். நான் 5 அடி 1, 48 கிலோ. முதல்ல சாதா சைஸ் பிளேட் வாங்கி, அது கீழ் விளிம்பு இடுப்பெலும்புக்கு கீழ வந்து குத்தி, நாலு டைவ்ல வித்துட்டு நீளம் குறைஞ்ச பிளேட் வாங்கினேன். தவளை தம்பிக்கு அந்தப் பிரச்னை இல்ல, 5 அடி 8க்கு சாதா சைஸே போதும், ஆனா இதைப் படிக்கற குள்ளமான பொண்ணுங்க யாராவது இருந்தா ஞாபகம் வச்சுக்கோங்கம்மா.

பட்டையை கோக்கறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒதுக்குங்க. புது பட்டை ஓலைப்பாய் மாதிரி விறைப்பா இருக்கும், அந்த மூணு கம்பி பக்கிள்ல நுழைக்கறதுக்குள்ள விரல் நுனி தோல் போயிடும், எனக்கு ரெண்டு நகம் உடைஞ்சது. குறடு வச்சு இழுங்க, சோப்புத் தண்ணி தொட்டுக்கிட்டா வழுக்கிக்கிட்டு போகும். டைவ் பண்ற சூட்டைப் போட்டுக்கிட்டு தான் அளவெடுக்கணும், பனியனோட எடுத்தா தண்ணில இறுக்கும். வீட்ல ஏசி போட்டுக்குங்க.

பிளேட்டோட மேல் விளிம்பு, குனிஞ்சா கழுத்துக்குப் பின்னாடி துருத்துமே ஒரு எலும்பு, அதுக்கு ஒரு ரெண்டு விரல் கீழ வரணும். கையை பின்னாடி விட்டா விரல் நுனி விளிம்பைத் தொடணும், தொட முடியலன்னா ரொம்ப கீழ இருக்குன்னு அர்த்தம். தோள் பட்டையை எல்லாரும் பள்ளிக்கூட பை மாதிரி இறுக்கறாங்க, அது தப்பு. உள்ளங்கை தாராளமா உள்ள போய் வரணும். இறுக்கினா போட்ல ஏர்றப்ப கழட்டவே முடியாது. செட்டை முதுகோட ஒட்டி வைக்கறது தோள் இல்ல, இடுப்புப் பட்டையும் கிராட்ச் ஸ்ட்ராப்பும் தான். ஜாக்கெட் காது வரைக்கும் வருதுன்னு சொன்னீங்களே, கிராட்ச் ஸ்ட்ராப் போட்டா அந்தக் கதை அன்னையோட முடிஞ்சது. முதல் நாள் கூச்சமா இருக்கும், ரெண்டாம் நாள் மறந்துடுவீங்க.

நெஞ்சு டி-ரிங் (சாமான் மாட்டற D வடிவ வளையம்) அக்குளுக்கு நேரா, கட்டை விரலை பட்டைக்குள்ள மாட்டினா எங்க நிக்குதோ அங்க. ரொம்ப கீழ வச்சா லைட்டும் கொக்கியும் தொங்கி பவளத்துல இடிக்கும். இடது இடுப்புல ஒரு டி-ரிங், பிரஷர் கேஜ் அங்க மாட்டிக்கணும். விங்குக்கு காத்து விடற இன்ஃப்ளேட்டர் குழாய் குட்டையானது கேளுங்க, இடது நெஞ்சு டி-ரிங்ல ஒரு பஞ்சி கயிறு (இழுத்தா நீளற ரப்பர் கயிறு) கட்டி அதுக்குள்ள விட்டா எப்பவும் கைக்கு அதே இடத்துல கிடைக்கும். தனியா வெயிட் பெல்ட் கட்டறதா இருந்தா அது கிராட்ச் ஸ்ட்ராப்புக்கு மேல வரணும், அடில போனா அவசரத்துக்கு கழட்டி விட்டாலும் கவட்டைல மாட்டிக்கிட்டு நிக்கும்.

பழைய விங் வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. தாராளமா. நான் காரோசெல்ங்கற ஆன்லைன் சந்தைல தான் வாங்கினேன். பிளேட்டுக்கு வயசே கிடையாது. விங்கை மட்டும் கல்லு மாதிரி ஊதி ராத்திரி வச்சுட்டு காலைல அமுக்கிப் பாருங்க, தளர்ந்திருந்தா வேணாம். இன்ஃப்ளேட்டரை கழட்டி உள்ள மூக்கை வச்சு மோந்து பாருங்க, ஈரத்துணி வாடை வந்தா அவர் உள்ள கழுவினதே இல்ல. ஓட்டை பெரும்பாலும் பிளேட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல நசுங்கற இடத்துல தான் வரும், அதை தண்ணித் தொட்டில முக்கிப் பாருங்க.


நீலாங்கரை_தவளை:

மக்களே, ஆறு வாரம் கழிச்சு வந்திருக்கேன். வாங்கிட்டேன்! அலுமினியம் பிளேட், 30 பவுண்ட் டோனட், ஒரே பட்டை, அடாப்டர் இல்லாம. பெங்களூர்ல ஒருத்தர் ஊரை விட்டுப் போறார்னு வித்தார், அக்கா சொன்ன மாதிரி ராத்திரி ஊதி வச்சேன், காலைல டொக்குனு இருந்துச்சு. பார்சலைப் பிரிச்சப்ப அம்மா பாத்துட்டு என்னடா இது, இட்லித் தட்டு இவ்ளோ பெருசா வாங்கியிருக்கன்னு கேட்டாங்க. ஓட்டைங்களைப் பாத்தா எனக்கும் அப்படித்தான் தெரியுது இப்ப.

போன சனிக்கிழமை பாண்டில முதல் டைவ். முதல்ல நல்லதைச் சொல்றேன். அண்ணன் சொன்னபடி 50 பார்ல நின்னு பாத்து பாத்து இப்ப 4 கிலோவுக்கு வந்துட்டேன், அதுல ரெண்டை மேல் கேம் பேண்ட்ல கோத்துட்டேன், கால் தொங்கல! பாய் எல்லாம் இல்ல, ஒரு கோணல் மாணலான கட்டில்னு வச்சுக்கலாம். சிலிண்டர் ஆடவே இல்ல.

ஆடல, ஆனா வழுக்கிடுச்சு. 14 மீட்டர்ல முதுகுக்குப் பின்னாடி ஏதோ நகர்ற மாதிரி இருந்துச்சு, ரெகுலேட்டர் வாயை விட்டு பின்னாடி இழுக்குது, திரும்பிப் பாத்தா பட்டி கண்ணை உருட்டிக்கிட்டு என் சிலிண்டரை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு இருக்கான். மேல் பேண்டும் லூஸ், கீழ் பேண்டும் லூஸ். அவனே மணல்ல முட்டி போட வச்சு இறுக்கி விட்டான். போட்ல நான் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேனே, எங்க தப்பு?

ரெண்டாவது, மேல வந்து ஃபுல்லா ஊதினா முகம் தண்ணில குப்புற தள்ளுது. ஜாக்கெட்ல இது இல்லையே. அலை வேற இருந்துச்சு, நாலு வாய் குடிச்சேன்.

மூணாவது, போட்க்காரர் செட்டை மேல குடுன்னு கை நீட்டறார், எனக்கு தோள் பட்டைலேர்ந்து கை வரவே இல்ல, கடைசில அவரே சட்டை கழட்டற மாதிரி கழட்டி விட்டார். மானம் போச்சு.


கோவளம்_நண்டு:

வாழ்த்துகள் தம்பி! கேம் பேண்டை காஞ்ச நிலைல இறுக்கியிருப்பீங்க, அதான். நைலான் நனைஞ்சா நீளும். சிலிண்டர்ல மாட்றதுக்கு முன்னாடி பேண்டை வாளித் தண்ணில முக்கி ஊற விட்டு அப்புறம் இறுக்கணும், இறுக்கினதும் பிளேட்டோட மேல் விளிம்பை ஒரு கையால புடிச்சு செட்டைத் தூக்கி குலுக்கிப் பாக்கணும், ஒரு இம்மி நகர்ந்தாலும் திரும்ப மாட்டணும். ஜாக்கெட் வாடகைக்கு வாங்கினப்ப அந்த பேண்ட் எப்பவுமே ஈரமா இருந்திருக்கும், அதனால உங்களுக்கு இது தெரியாமலே போச்சு. முதல் டைவ் நல்ல பட்டியோட போனீங்க.

குப்புற தள்ளறது, ஃபுல்லா ஊதாதீங்க. விங் காத்து பூரா முதுகுப் பக்கம் இருக்கு, ரொம்ப ஊதினா அது மேல வரப் பாக்கும், நீங்க முன்னாடி விழுவீங்க. வாய் தண்ணிக்கு மேல வர்ற அளவு மட்டும் ஊதிட்டு, காலை கொஞ்சம் முன்னாடி விட்டு ஈஸி சேர்ல சாயற மாதிரி பின்னாடி சாஞ்சுக்கோங்க. நாலஞ்சு டைவ்ல உடம்பு கத்துக்கும்.

கை வராதது தோள் பட்டை இறுக்கம் தான், குட்டிப்பிளேட் சொன்னதைப் படிச்சுட்டு நீங்க கேக்கல. ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை விடுங்க. கழட்றப்ப விங்கை ஊதி, இடுப்பு பக்கிளைத் திறந்துட்டு, முழங்கையை மடக்கி முதல்ல முழங்கையை வெளிய எடுக்கணும், கை பின்னாடி தானா வரும், அப்புறம் செட்டை ஒரு சுத்து சுத்தி முன்னாடி கொண்டு வந்தா இன்னொரு கை சும்மா வரும். நீச்சல் குளத்துல பத்து தடவை பண்ணிப் பாருங்க. அப்படியே உங்க பட்டிக்கும் காட்டி வைங்க, இந்த ஹார்னஸ்ல தோள்ல பக்கிள் கிடையாது, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவன் பக்கிளைத் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது, இடுப்பைத் திறக்கணும், கை வரலன்னா கட்டர் எடுத்து பட்டையை வெட்டணும்.

வீட்டுக்கு வந்ததும் விங்குக்கு உள்ள நல்ல தண்ணி ஒரு ரெண்டு லிட்டர் விட்டு குலுக்கி கீழ் டம்ப் வால்வு வழியா வடிச்சுடுங்க, மூணு தடவை. போர் தண்ணி உப்பா இருந்தா கேன் தண்ணியே ஊத்துங்க, பரவால்ல. பாதி ஊதின நிலைல நிழல்ல தொங்க விடணும்.


நீலாங்கரை_தவளை:

சூப்பர் அண்ணே, எல்லாத்தையும் பண்ணிடறேன். கடைசியா ஒண்ணு, இடுப்புப் பக்கம் பட்டை ஒரு சாண் நீளமா மிச்சம் தொங்குது, பாக்க அசிங்கமா இருக்கு. வெட்டிடவா?


கோவளம்_நண்டு:

வெட்டவே வெட்டாதீங்க. தோள்ல ஒரு விரக்கடை விடணும்னு இப்ப தானே சொன்னேன், அந்த நீளம் இடுப்புலேர்ந்து தான் வரணும். நாளைக்கு 5 மில்லி சூட் போட்டாலும் வேணும். சுருட்டி உள்ள சொருகிக்கோங்க.


நீலாங்கரை_தவளை:

அண்ணே... கேள்வியைப் போட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியல. கத்திரி கைல இருந்துச்சு.


குட்டிப்பிளேட்:

🤦🏽‍♀️ 4 மீட்டர் புது பட்டை வாங்கு தம்பி. 5 சென்டிமீட்டர் அகலம், விறைப்பான ரகம்னு கேட்டு வாங்கு, கார் சீட் பெல்ட் பட்டையை குடுத்து அனுப்பிடுவாங்க, அது தண்ணில ரிப்பன் மாதிரி மடங்கும். வாங்கி பத்து டைவ் முடியற வரைக்கும் கத்திரியை அம்மாகிட்ட குடுத்து வை.